வண்டிச் சத்தம் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவி பார்க்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. நீ அனுப்பிய பணம் வந்தது. பொங்கலன்று உன் போன் வரும் என்று சாயங்காலம் வரை சார்ஜில் போட்டு வைத்திருந்தோம். சரி, வேலை இருந்திருக்கும்.

சத்தத்துக்கு வருகிறேன். ஆறு வாரம் கழித்து ‘இது என்ன சத்தம்ப்பா?’ என்று ஒரு வரி, நாற்பத்திரண்டு விநாடி வீடியோ. ஐம்பது தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டா ஓட்டினாய்? ரோடு காலியாக இருந்தாலும் அது தப்பு. முப்பது வருஷம் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி ஓட்டியவன் பிள்ளை செய்கிற காரியமா அது?

நம் ஆம்னி எந்தக் காலத்திலும் ‘பீப்’ என்று கத்தியதில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், என்ஜின் நம் சீட்டுக்கு அடியிலேயே. எது கெட்டாலும் முதுகெலும்பில் தெரிந்துவிடும். காலையில் கிரீச்சிட்டால் ஃபேன் பெல்ட், அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சத்தம் சற்று நின்றால் சந்தேகமே இல்லை. முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்குப் போகும்போது ‘டக்’ என்றால் ஜாயின்ட் கிராஸ். ஓட ஓட ‘ஙொய்ங்’ என்று இரைந்து, வலது பக்கம் ஒடிக்கும்போது கூடினால் இடது வீல் பேரிங். இதெல்லாம் உனக்குப் பத்து வயதிலேயே தெரியும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது பின் சீட்டிலிருந்து ‘அப்பா, இடது பக்கம் கத்துது’ என்றாய். பேகம்பூர் பாய் வீலைக் கழற்றிப் பார்த்துவிட்டு உன் கன்னத்தைக் கிள்ளினாரே, ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கும் பட்டறைக்கு வருகிறவர்களிடம் அதைச் சொல்கிறார்.

உன் சத்தம் அந்த ஜாதி இல்லை. அது வண்டி வேண்டுமென்றே போடுகிற சத்தம். பாயின் மகன் உன் வண்டியின், அந்த 2012 டொயோட்டா சியன்னாவின், மேனுவலைப் போனில் இறக்கிக் கொடுத்தான். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி படித்தேன். சிரிக்காதே.

ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் கிளம்பினாலும் அது கத்துமாம். உன் வண்டியில் அது காலால் மிதிக்கிறது என்று பாயின் மகன் சொன்னான். ஆனால் வீடியோவில் அந்தச் சிவப்பு விளக்கு எரியவில்லை. அடுத்தது வழுக்கல். சில டொயோட்டா வண்டிகளில் டயர் பனியில் பிடி விட்டால் பீப் வரும், கூடவே வண்டி வழுக்குகிற மாதிரி படம் போட்ட விளக்கு மின்னும். அதையும் தேடினேன், இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், குளிர்கால டயர் மாட்டினாயா? கனடாவில் க்யூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மாட்டியே ஆக வேண்டுமாம், உங்கள் ஒண்டாரியோவில் அப்படிக் கட்டாயம் இல்லையாம். கட்டாயம் இல்லையென்றால் நீ மாட்டியிருக்க மாட்டாய். ஏழு டிகிரிக்குக் கீழே போனாலே சாதா டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்புக் குறையும் என்கிறார்கள். உன் மீட்டரில் வெளிக் குளிர் மைனஸ் பதினான்கு என்று போட்டிருந்தது.

குளிர் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பொதுவாகத்தான். நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டர் சூட்டில் கண் அசராதே. சைலன்சர் வாயைப் பனி மூடினால் புகை திரும்பி உள்ளேதான் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது, நிறம் கிடையாது. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். வேலை அலுப்பு என்று நினைத்துக்கொள்வோம். பழைய வண்டியில் சைலன்சர் பைப் எங்கே ஓட்டை விட்டிருக்கிறதோ, யார் கண்டது.

பீப்புக்கு வருவோம். எண்ணிப் பார்த்தேன். முதலில் ஒரே ஒரு தடவை அடிக்கிறது. அப்போது ஸ்பீடு முள் 20-ஐத் தாண்டுகிறது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் விட்டுவிட்டு அடித்து, நடுவில் தொனி மாறுகிறது. மேனுவலில் இதே மாதிரி எழுதியிருப்பது சீட் பெல்ட்டுக்குத்தான். நீ பெல்ட் போட்டிருந்தாய், தோள் மேல் பட்டை தெரிந்தது. அப்படியானால் பக்கத்து சீட். அந்த சீட்டுக்கு அடியில் எடை பார்க்கிற சென்சார் இருக்கிறது. சாமான் வைத்தாலும் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பெல்ட் போடச் சொல்லிக் கத்தும்.

முப்பத்தோராவது விநாடியில் உன் கை ஆடியது. பக்கத்து சீட் ஒரு கணம் வந்து போயிற்று. நிறுத்திப் பார்த்தேன். குக்கர் இருந்தது. கைப்பிடியில் செம்புக் கம்பி சுற்றிய நம் அஞ்சு லிட்டர் குக்கர். உன் கல்யாணத்துக்கு அப்புறம் ஏர்போர்ட்டில் எடை அதிகம் என்று இரண்டு சட்டையை எடுத்து வெளியே போட்டுவிட்டு, அம்மா உள்ளே திணித்தாளே, அது. அதன்மேல் மடித்த போர்வையும் தலையணையும்.

அந்த எடைக்கு வண்டி கத்தத்தான் செய்யும். குக்கரைப் பின்னால் தரையில் வை, நின்றுவிடும். வேறு கோளாறு எதுவும் இல்லை. சென்சாரை மாற்ற வேண்டும் என்று எவனாவது சொன்னால் காசு கொடுத்துவிடாதே.

பின்னால் பாப்பாவின் சீட் மாட்டியிருக்கிறதா? வீடியோவில் அந்தப் பக்கம் விழவில்லை. மருமகள் வண்டியில் இருந்தால் ‘மாமா, சாப்பிட்டீங்களா’ என்று ஒரு குரல் கேட்கும். தூங்கியிருப்பாள். வண்டிக் கடிகாரத்தில் 2.17, நடு ராத்திரி. நைட் ஷிஃப்ட் போட்டிருக்கிறார்களா உனக்கு? நான் எதுவும் கேட்கவில்லை. படித்தவன், உனக்குத் தெரியாததா. எதிர் வீட்டு வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள், அதை எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன், பிறகு எழுதுகிறேன்.

என்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கு. ஒரு வேளை வண்டியில் தூங்க நேர்ந்தால் என்று சொல்கிறேன். குளிராக இருந்தால் இன்னொரு போர்வை வாங்கு, காசு நான் அனுப்புகிறேன். பேட்டரியில் ஓடுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்கிறதாம், உள்ளங்கை அளவுதான். அதையும் வாங்கு. அது கத்தினால் கதவைத் திறந்து வெளியே ஓடு. இன்னொரு வீடியோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு ‘இது என்ன சத்தம்ப்பா’ என்று கேட்டுக்கொண்டிருக்காதே.

தம்பி, 1998 ஆடி மாதம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ இரண்டாம் வகுப்பு. அப்பா சபரிமலை சவாரி போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். ஆடியில் பத்தொன்பது நாள் எவன் சபரிமலை சவாரி போவான்? உன் பாட்டி அப்போதே கேட்டாள். நான் எங்கேயும் போகவில்லை. பழனி ரோட்டில் பெட்ரோல் பங்க் பின்னால் வண்டியைப் போட்டு அதிலேயே படுத்திருந்தேன். என்ஜினுக்கு ரீபோர் போடுவதற்கு அம்மாவின் சங்கிலியை அவளைக் கேட்காமல் அடகு வைத்தேன். அது மூழ்கிப்போனது. அவளிடம் சொல்ல வாய் வராமல் சண்டையைப் பெரிதாக்கிக்கொண்டு வெளியே வந்தேன். போ என்று அவள் சொல்லவில்லை. இத்தனை வருஷம் அவள்தான் விரட்டினாள் என்கிற மாதிரி உங்களிடம் பேசிவந்தேன்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று பின் சீட்டுக்கு அடியில் தலையணையைப் பார்த்துவிட்டு, ‘சவாரிக்குத் தலையணை எதுக்குப்பா?’ என்று கேட்டாய். அறைந்தேன். எதற்கு அடி வாங்கினோம் என்று தெரியாமல் நின்றாய். அழக்கூட இல்லை. அப்புறம் அந்த வண்டியைப் பற்றி நீ எதுவும் கேட்டதில்லை. சத்தம் கேட்டால் சொல்லுவாய், அவ்வளவுதான்.

வீடியோவில் தலையணையைப் பார்த்ததிலிருந்து எனக்கு அந்தக் கை கூசுகிறது.

பதினெட்டாம் நாள் பாய் வந்து கண்ணாடியைத் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ‘கார்பரேட்டர் அடைத்திருக்கும், பட்டறைக்குக் கொண்டு வா’ என்றார். கார்பரேட்டரில் ஒன்றும் இல்லை, அவருக்கும் தெரியும். அங்கே உனக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. முன்பு ஒரு மதுரைப் பையனைப் பற்றிச் சொல்லுவாயே, அவன் பக்கத்தில்தானே இருக்கிறான்?

டிக்கெட் விலை பார்த்தேன். மாசி மாதம் கொஞ்சம் குறைகிறது. பாஸ்போர்ட் இன்னும் நான்கு வருஷம் செல்லும். வா என்று நீ சொல்ல வேண்டும் என்று இல்லை. வர வேண்டாம் என்றால் மட்டும் சொல்.

வீடியோவை அம்மாவுக்குக் காட்டவில்லை. ஒரு கண்ணால் பார்த்தாலும் அந்தக் குக்கரை அவள் கண்டுபிடித்துவிடுவாள். போன் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது, ராத்திரியும்.

குக்கரைப் பின்னால் வைத்துவிட்டு வண்டியை ஒரு தடவை எடுத்துப் பார், 20-ஐத் தாண்டியதும் பீப் வருகிறதா இல்லையா என்று எழுது. என்ஜினை அணைத்துவிட்டு எழுது. அந்தக் குக்கருக்குக் கேஸ்கட் இங்கேதான் கிடைக்கும், பழசு இந்நேரம் தளர்ந்திருக்கும். இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்பட்டும்?

அப்பா