ஏற்றம் எத்தனை டிகிரி?

சாட்ஸ்வொர்த்,
டர்பன்.

அன்புள்ள கோவிந்து,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு வந்தது, அன்றைக்கே தீர்ந்தும் போனது. ஒரு வரி பதில் போடவில்லை என்று நீ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. பெரியவன் கேப்டவுனில் சௌக்கியம். மீசை மாஸ்டர் இன்னும் கோயில் கமிட்டியை விட்டபாடில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவிலிருந்து கோயிலுக்கு ஏறும் ரோடு ஞாபகம் இருக்கிறதா? உன் பழைய பக்கி வண்டி, அந்தப் பிக்கப், புகை விட்டு நின்ற அதே ஏற்றம்தான். சரசு இந்தப் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமைகூட அதில் ஏறவில்லை. "அது ரோடா, சுவரா?" என்கிறாள். வீட்டில் ஆளாளுக்கு எத்தனை டிகிரி இருக்கும் என்று கேட்டேன். சரசு 40 என்றாள், மருமகன் 30 என்றான். என் கணக்கைச் சொல்ல மாட்டேன், ஊரெல்லாம் பரப்பிவிடுவாய். பேத்தி போனை ரோட்டில் வைத்து அளந்தாள். 9 டிகிரி!

அவள் உளவியல் படிக்கிறாள் அல்லவா, "இது நம்ம வீட்டு வியாதி இல்லை தாத்தா" என்று ஆரம்பித்துவிட்டாள். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் பிராஃபிட் குழுவினர் மேட்டடியில் ஆட்களை நிறுத்திக் கேட்டு, 1995-ல் அதை எழுதினார்கள். 5 டிகிரி மேடு பார்ப்பவர்களுக்கு ஏறத்தாழ 20 ஆகத் தெரிகிறது, 10 டிகிரி மேடு 30 ஆக. ஆனால் அதே ஆட்களை, கையைப் பார்க்காமல், உள்ளங்கைக்கு அடியில் இருக்கும் பலகையை மேட்டின் சாய்வுக்குச் சாய்க்கச் சொன்னால் கிட்டத்தட்ட சரியாகச் சாய்த்துவிடுகிறார்கள். வாய் சொல்வது ஒன்று, கை செய்வது ஒன்று.

நெடுந்தூரம் ஓடிக் களைத்தவர்களுக்கு மேடு இன்னும் செங்குத்தாகத் தெரிந்ததாம். உடனே உன் ஞாபகம்தான் வந்தது. டர்பனிலிருந்து உங்கள் ஊர் வரை ஓடும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில், கடைசியில் வரும் பாலி ஷார்ட்ஸ் மேட்டின் அடிவாரத்தில் நீ சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ராத்திரி எவனோ இதை உயர்த்திவிட்டான்" என்றாயே! 1975-ல்தான் நம்மவர்களையும் கறுப்பின மக்களையும் பெண்களையும் முறைப்படி ஓட விட்டார்கள், நீ உட்கார்ந்து மானத்தை வாங்கிவிட்டாய் என்று இத்தனை வருஷமாகக் கிண்டல் செய்திருக்கிறேன். டர்பனிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடி வந்தவனுக்கு அது அப்படித்தான் தெரிந்திருக்கும். கிண்டலை முழுக்க விட முடியாது, பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்.

முதுகில் சுமை ஏற்றியவர்களுக்கும், வயதானவர்களுக்கும், உடம்பு முடியாதவர்களுக்கும் இப்படித்தான் என்று 1999-ல் இன்னொரு கட்டுரை. உடம்பில் மிச்சமிருக்கும் தெம்பை வைத்துத்தான் கண் மேட்டை அளக்கிறது என்பது அவர்கள் கட்சி. எதிர்க்கட்சிக்காரர் ஃபிராங்க் டர்ஜின் என்ற இன்னொரு உளவியல்காரர். மூட்டையை ஏற்றிவிட்டு மேடு எவ்வளவு என்று கேட்டால், என்ன பதில் வேண்டும் என்று மாணவர்களுக்குப் புரியாதா என்கிறார். அந்த மூட்டையில் இருப்பது ஏதோ அளவைக் கருவி என்று சொல்லி 2009-ல் செய்து பார்த்தபோது வித்தியாசமே இல்லை. பரீட்சைத் தாள் திருத்தியே கிழவனான எனக்கு டர்ஜின் சொல்வதுதான் நம்பும்படி இருக்கிறது. வாத்தியார் மனசைப் படிக்காத பையன் எங்கே இருக்கிறான்? ஆனாலும் 5 டிகிரி 20 ஆகத் தெரியும் சங்கதி அப்படியேதான் நிற்கிறது.

என் தூக்கத்தைக் கெடுத்தது இன்னொன்று. 1913-ல் புளூமன்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர் இருட்டறையில் சிறு விளக்குகளை இரண்டு வரிசையாக வைத்தார். வரிசைகள் இணைகோடுகளாகத் தெரியும்படி நகர்த்து என்றார். அப்புறம், எதிரெதிர் விளக்குகளின் இடைவெளி எங்கும் ஒரே அளவாகத் தெரியும்படி வை என்றார். இரண்டும் ஒன்றுதானே, கோவிந்து? எத்தனை வருஷம் கரும்பலகையில் அதைப் போட்டோம்! அங்கே ஒன்றாக இல்லை. இணைகோடு என்று வைத்த வரிசைகள், சம இடைவெளி என்று வைத்த வரிசைகளுக்கு உட்பக்கமாக ஒடுங்கி நின்றன. லூனெபர்க் என்ற கணக்குக்காரர் 1947-ல், இரண்டு கண்ணால் நாம் காணும் வெளி, பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லிக்கொடுத்த யூக்ளிடின் வடிவியலே அல்ல, லோபசெவ்ஸ்கியின் வளைந்த வடிவியல் என்று எழுதிவிட்டார். பின்னால் வந்தவர்கள் பகல் வெளிச்சத்தில் திறந்த மைதானத்தில் பார்த்தபோது, அந்த வெளி கிட்டத்தில் ஒரு மாதிரியும் எட்டத்தில் வேறு மாதிரியும் வளைந்ததாம். யூக்ளிடுக்காக நான் பிரம்படி கொடுத்த பையன்கள் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சரசுவிடம் சொன்னேன். "9 டிகிரிதானே, நீங்களே ஏறுங்க" என்றாள். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கோவிந்து, அவளுக்கு இப்போது சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. அங்கே ஏற்றமே கிடையாது. டாக்டர் என்றால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. மேட்டின்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிறாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கச்சி கமலா சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் போடச் சொல், அப்போது நான் வெளியே போய்விடுகிறேன். நான் சொல்லித்தான் பேசுகிறாள் என்று தெரியக்கூடாது. ஊறுகாய்க்குப் பக்குவம் கேட்பது மாதிரி ஆரம்பிக்கட்டும்.

உன்,
சின்னு