மலையக இளைஞருக்கு ஆளுமைப் பயிற்சி: ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையகப் பிள்ளைகளிடம் தாழ்வு மனப்பான்மை ஊறிப்போயிருக்கிறது, இருநூறு வருடத் தோட்ட வாழ்வு விட்டுப்போன தழும்பு அது, பாடசாலைதோறும் ஆளுமை விருத்திப் பயிற்சி நடத்தினால் தீரும் என்று தங்கள் ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. காலனித்துவம் மனதையும் பிடித்தது என்று எழுத ஒருவர் முன்வந்தது நல்லதே. ஆனால் காரணத்தை வெள்ளைக்காரன் காலத்தில் தேடிக் கண்டவர், குறையை மட்டும் பிள்ளையின் மண்டைக்குள் வைத்துவிட்டார். தோட்டங்களில் உளவளத்துணை வேலை செய்பவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விபரமாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

ஆளப்பட்டவர்களின் நடத்தையை அவர்களுடைய மனக்கோளாறாக எழுதி வைப்பது பழைய வழக்கம். 1851இல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற வைத்தியர், அடிமைகள் தப்பியோடுவது ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு டிராப்டோமேனியா என்று பெயரும் வைத்தார். இலங்கையில் தோட்டத்தை விட்டு ஓடியவருக்கு நோய்ப் பெயர் வைக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் அவரை நேரே சிறைக்கு அனுப்பியது. நூறு வருடம் கழித்து, 1953இல், உலக சுகாதார நிறுவனமே வெளியிட்ட ஒரு நூலில் கரோதர்ஸ் என்ற வைத்தியர், ஆபிரிக்கர் மூளையின் முன்பகுதியைச் சரிவரப் பயன்படுத்துவதில்லை என்று எழுதினார். இன்று யாரும் அப்படி எழுதுவதில்லை. ‘தாழ்வு மனப்பான்மை’ என்று நாகரிகமாக எழுதுகிறோம்.

தோட்டத்து மனிதர் துரைக்கு, அதாவது தோட்ட நிர்வாகிக்கு, முன்னால் குரலைத் தாழ்த்துவது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணங்கள் உண்டு. ஆள் சேர்க்கும் கங்காணியிடம் வாங்கிய முற்பணத்தோடுதான் ஆள் வந்து இறங்கினார். இந்தக் கடனை அடைத்தால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. ஒழிந்த பிறகும், வேலையிலிருந்து விடுவித்ததாகத் தோட்டம் எழுதிக் கொடுக்கும் பற்றுச்சீட்டு இருந்தது. வேலை போனால் லயக்காம்பராவும் (வரிசை வீட்டில் குடும்பம் வசிக்கும் அறை) போகும், ஏனென்றால் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். பிறகு 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மீதி ஒன்றரை இலட்சம் 1974இல் பாதிப் பாதியானது. நாடற்றவர் என்ற நிலைக்குச் சட்டப்படி முற்றுப்புள்ளி விழ 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் வேலை, வீடு, நாடு மூன்றும் போகலாம் என்றிருந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது நல்ல புத்தி. அதை நோய் என்று யாரும் சொல்லக்கூடாது.

அதோடு, அந்த வாய் எப்போதும் மூடியிருக்கவும் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனும், 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணனும் பொலிஸ் சூட்டில் செத்தது அடங்கிக் கிடந்ததற்காக அல்ல. தென்னிந்தியக் கூலி சொன்னபடி கேட்பான் என்பது தோட்டத்துரைமாரின் கதை. நம்மவர்களே அதை உளவியல் சாயம் பூசித் திரும்பச் சொல்வதுதான் எங்களுக்குக் கசக்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படுத்தப்படும் பி.எச்.கியூ-9 என்ற படிவத்தில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது பொது விதி. இதில் நித்திரை, களைப்பு, பசி என்று மூன்று கேள்விகள் உடம்பைப் பற்றியவை. நிறைகொழுந்து காலத்தில், நோம் (அன்றைக்குப் பறிக்க வேண்டிய அளவு) எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்) விழும் என்று மலையில் நிற்கிற, கைக்குழந்தையும் உள்ள ஒரு பெண் இந்த மூன்றிலேயே 9 புள்ளி எடுத்துவிடுவார். இன்னும் ஒரு புள்ளி சேர்ந்தால் ‘மனச்சோர்வு’ என்று அட்டையில் ஏறிவிடும். ஆகவே கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கக்கூடாது. ஈடுபாடின்மை, மனக்கவலை பற்றிய முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றிலாவது 2 வராவிட்டால் மனச்சோர்வு என்று எழுதாமல் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைவென்றால் (கர்ப்பிணிக்கு 11) அந்தக் களைப்புக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. சம்பளத்துக்கு முந்திய வாரமா, பிந்திய வாரமா என்பதையும் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது. ஒரே ஆளிடம் இரண்டு வாரமும் கேட்டால் விடை மாறும்.

உள்ள நோயைத் தவறவிடும் எதிர்ப்பக்கப் பிழை இன்னும் ஆபத்தானது. படிவத்தோடு போகிறவர் கதிரையில், பதில் சொல்பவர் வாசற்படியில் நின்றபடி. “நித்திரை வருதா?” “வருதுங்கையா.” “நித்திரை குறைவா?” “ஆமாங்கையா.” ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கேள்விக்கும் ஆமாம் வந்தால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் துரைக்குச் சொல்லும் பதில்தான் வந்துகொண்டிருக்கிறது. படிவத்தை அங்கேயே மடித்து வைத்துவிட வேண்டும். இதைச் சோதிக்க அப்படி ஒரு சோடிக் கேள்வியைத் தொடக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம். தோட்ட அலுவலகம், டிஸ்பென்சரி, பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) எதிலும் கேட்கக்கூடாது, மூன்றும் நிர்வாகத்தின் கண்ணில் படுகிற இடங்கள். இருவரும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு மாமியார் பக்கத்தில் இருக்கும்போது வருகிற ‘0’ பதிலே அல்ல. தனியாக, இன்னொரு நாள், மறுபடி கேட்க வேண்டும்.

கருவியில் கோளாறு இருக்கையில் ஆளைக் குறை சொல்வது எத்தனை சுலபம் என்பதற்கு அல்ஜீரியாவில் ஓர் உதாரணம் உண்டு. பிராண்ட்ஸ் பனோன் என்ற உளமருத்துவர் 1953 முதல் 1956 வரை பிளீடா மனநோய் வைத்தியசாலையில் வேலை செய்தார். ஐரோப்பியப் பெண்களின் வார்ட்டில் பலித்த கூட்டு நிகழ்ச்சிகள் முஸ்லிம் ஆண்களின் வார்ட்டில் பலிக்கவே இல்லை. அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாமல், தான் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த ஏற்பாடே தப்பு என்று ஒப்புக்கொண்டார். கோப்பிக்கடை ஒன்று அமைத்து, பெருநாள்களைக் கொண்டாடி, கதைசொல்லியை வரவழைத்த பிறகு வார்ட் உயிர்பெற்றது. படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் டி.ஏ.டி. சோதனையையும் அங்கே முஸ்லிம் பெண்களிடம் நடத்திப் பார்த்தார்கள். ஐரோப்பிய வீடும் உடையுமாக இருந்த அந்தப் படங்களுக்குப் பெண்களிடமிருந்து கதை வரவில்லை. படமே இல்லாத வெற்று அட்டையை நீட்டியபோது தாராளமாகச் சொன்னார்கள். கற்பனை வறண்ட பெண்கள் என்று முதல் அட்டைகளோடு அறிக்கையை முடித்திருந்தால் அதுவும் விஞ்ஞானம் என்றே அச்சாகியிருக்கும்.

நம்முடைய வெற்று அட்டை எது என்று தேடியாக வேண்டும். மண்சரிவுக்குப் பிந்திய வேலையில் இது பளிச்சென்று தெரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்சரிவில் புதைந்தன. அதற்குப் பிறகு எந்தச் சரிவு நடந்தாலும், மன அதிர்ச்சிப் படிவத்தோடு ஆட்கள் வருகிறார்கள். பி.ரி.எஸ்.டி. என்கிற, அந்தப் படிவம் அளக்கும் நோய்க்குறி 1980இல் அமெரிக்க உளமருத்துவ ஏட்டில் ஏறியது, வியட்நாம் போரிலிருந்து வீடு திரும்பிய சிப்பாய்களை முன்வைத்து. ஆபத்து முடிந்துவிட்டது, பயம் மட்டும் மிச்சம் என்பது அதன் அடிப்படை. மழை பிடித்தால் நித்திரை வராது, சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவேன் என்கிறவரின் லயன் இன்னும் அதே சரிவில் இருந்தால் அந்த அடிப்படை பொருந்தாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் அந்த இடத்தை அபாய வலயமாகக் குறித்திருக்கிறதா என்று கேட்டு, விடையைப் படிவத்தின் தலைப்பில் எழுதிய பிறகே புள்ளி போட வேண்டும். குறித்திருந்தால், மழைப் பயத்தைக் குறைக்கும் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது பாதகமான வேலை. அந்தப் பயம்தான் அவரை இராத்திரியில் எழுப்பி வெளியே கொண்டுவருகிறது.

இவ்வளவும் சொன்னதும், அப்படியானால் ஆங்கில மருந்தை விட்டுவிட்டு, உடுக்கையடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடமே போகலாமே என்று சிலர் கிளம்புவார்கள். அப்படி இல்லை. காதில் குரல் கேட்கிறது, தேத்தண்ணியில் விஷம் கலக்கிறார்கள் என்கிற இருபது வயதுப் பிள்ளையை உடுக்கையடிக்கு முன் மாதக்கணக்கில் உட்கார வைத்தால், பிறகு மருந்து பிடிப்பது கடினம். கோடாங்கியோடு சண்டை போடவும் வேண்டாம். குறி கேட்பது வெள்ளிக்கிழமை, கிளினிக் செவ்வாய்க்கிழமை, இரண்டும் நடக்கட்டும், குளிசை மட்டும் நிற்கக்கூடாது என்று குடும்பத்தோடு பேசி முடிப்பதே வழி. குளிசை நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் மூடநம்பிக்கை அல்ல. கிளினிக் வேலை நாளில் வருகிறது. போனால் அன்றைய பேர் விழாது, கூடப் போகிறவருக்கும் விழாது, பஸ் காசு வேறு. மாதம் ஒருமுறை போடும் ஊசி இரண்டு தடவை தவறினால் நோய் திரும்புகிறது. “இந்த மக்களுக்கு விளங்காது” என்று அட்டையில் எழுதுவதைவிட, கிளினிக்கை வேலையில்லாத நாளுக்கு மாற்றுவது சுலபம்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் கட்ட முடியாது. சாதி கங்காணியோடு கப்பலேறி வந்தது. கொழுந்துக் கூடையோடு வீடு திரும்பிய பெண்ணை அடிக்கிற கையும் நம்முடையதுதான். காலனித்துவத் தாக்கம் என்று பேசும் கூட்டத்தில் இந்த இரண்டும் வராவிட்டால் அந்தக் கூட்டத்தை நடத்துவதே ஆண்கள்தான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

சரி, ஆளுமைப் பயிற்சிக்குப் பதில் என்ன? எட்டுப் பேருக்கு மேற்படாத குழு, பெண்கள் வேறாக, ஞாயிறு பிற்பகலில். வேலை நாள் மாலை என்றால் தண்ணீர் பிடிக்கவும் உலை வைக்கவும் பாதிப் பேர் எழுந்து போவார்கள். ஒரே லயத்து ஆட்களை மட்டும் சேர்த்தால் பேசியது இரவுக்குள் லயத்தின் கடைசி வீடு வரை போய்விடும். தொழிற்சங்கத் தலைவர் உட்கார்ந்தால் குழு முடிந்தது. முதல் அமர்வில் ஒரு பெரிய தாளில் தோட்டத்தை வரையச் சொல்ல வேண்டும்: பங்களா, இஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), அலுவலகம், பெரட்டுக்களம், கோயில், லயன். எங்கெங்கே குரல் தாழ்கிறது, எங்கே கை கட்டுகிறது என்று அவர்களே புள்ளி வைப்பார்கள். பெரும்பாலும் அலுவலக ஜன்னலில்தான் புள்ளிகள் குவியும். அடுத்த அமர்வுகள் அந்த ஜன்னலைப் பற்றியவை: என்ன கேட்க வேண்டும், யார் கேட்பது, எழுத்தில் வாங்குவது எப்படி. பிறகு நான்கு பேராகப் பிரதேச செயலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைத் தமிழில் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்குத் திகதியோடு எழுத்து வாங்கி வர வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. தனியாகப் போனால் திட்டு வாங்கித் திரும்பி, “நான் சொன்னேன்தானே, நம்மளால ஏலாது” என்று முன்னைவிட மோசமாகும். அதனால்தான் நான்கு பேர். குழுவில் யாராவது வீட்டு வன்முறையைச் சொல்லத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி, தனியே எடுத்துப் பேச வேண்டும். வீடு, வேலை எதையும் வாக்குக் கொடுக்கவே கூடாது.

மேடையில் மைக் பிடித்துப் பேசப் பழகிய பிள்ளை, மறுநாள் தன் வேலைக் கடிதம் வந்திருக்கிறதா என்று அதே ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கேட்கிறது. பல தோட்டங்களில் லயக்காம்பராவுக்கு இன்னும் முகவரி இல்லை. கடிதங்கள் அலுவலகத்துக்குப் போய், கைமாறி, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு வந்து சேர்வதும் உண்டு. அந்தப் பிள்ளைக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுக்கும் நிதியில் தோட்டத்தின் ஒரு டிவிசனுக்கு (பிரிவுக்கு) காம்பரா இலக்கமும் பூட்டுள்ள தபால் பெட்டிகளும் போடலாம். கட்டுரையாளர் விரும்பினால் அதற்கான கோரிக்கைக் கடிதத்தைத் தபால் திணைக்களத்துக்கு எழுத நாங்கள் உதவுகிறோம்.

இதை வாசிப்பவர்களில் யாருக்காவது வாழப் பிடிக்காத எண்ணம் வந்துகொண்டிருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம்.

இப்படிக்கு,
தோட்ட உளவளத்துணைப் பணியாளர்கள் சிலர்,
அட்டன்.