பந்தி நேரத்தில் எழுந்து போகிறவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் தோத்திரம். இராப்போஜனத்துக்கு, அதாவது ஆண்டவரின் கடைசி விருந்தை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நற்கருணைப் பந்திக்கு, ஆயத்தப்படுவதைப் பற்றிச் சென்ற மாதம் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சனிக்கிழமை ஆயத்த ஆராதனையைப் பற்றியும், பகையுள்ளவரோடு முன்னதாகவே ஒப்புரவாக வேண்டியதைப் பற்றியும் அதில் சொல்லப்பட்டிருந்தவை நல்லவை. ஆனால், தன் வாழ்க்கையில் இன்னும் சீர்ப்படாத பாவம் இருப்பதாக உணர்கிறவர் அந்த ஞாயிற்றுக்கிழமை பந்திக்கு வராமல் இருப்பதே மேல் என்று கட்டுரை முடிந்திருந்தது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிப் பதினெட்டு ஆண்டுகள் பந்திக்கு வராமலே இருந்த ஒருவரின் மகன் நான்.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமத்துச் சபையில் வளர்ந்தேன். என் தகப்பனார் முதல் மணி அடிப்பதற்குள் வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்குப் புறப்பட்டுவிடுவார்; பாமாலையில் பாதிக்கு மேல் அவருக்கு மனப்பாடம். ஆனால் இராப்போஜன ஞாயிற்றுக்கிழமைகளில், பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் பின்வாசல் வழியாக எழுந்து போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. பொருத்தனை பண்ணிக் குடியை விடுவார், சில மாதங்கள் நிற்கும், பிறகு மறுபடியும் விழுவார். ஏன் பந்திக்கு வருவதில்லை என்று அம்மா கேட்டால், "நான் அபாத்திரன்", அதாவது தகுதியற்றவன், என்ற ஒரே பதிலைத்தான் சொல்வார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை என்பது உண்மை. அவரைத் தேடி மரத்தடிக்கு யாரும் வரவில்லை என்பதும் உண்மை.

அவர் பிடித்துக்கொண்ட அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை நான் வெகு காலம் கழித்தே நிதானமாகப் படித்தேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில் இருப்பது 'அபாத்திரமாய்' என்னும் சொல். அது புசிக்கிற விதத்தைச் சொல்கிறதே தவிர, புசிக்கிறவன் எப்படிப்பட்டவன் என்பதைச் சொல்லவில்லை. அந்த விதம் என்ன என்பதை 21, 22-ஆம் வசனங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன: வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தான், இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்பட்டார்கள். பவுலின் கோபம் பலவீனத்தோடு போராடித் தோற்றுத் தலைகுனிந்து வருகிறவன் மேல் இருந்ததாக அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை. 28-ஆம் வசனத்தையும் முழுவதுமாகப் படிக்க வேண்டுகிறேன். எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன் என்பதுதான் அதன் கட்டளை. சோதித்தறிந்து விலகிப் போகக்கடவன் என்று அப்போஸ்தலன் எழுதவில்லை. நம் அறிவிப்புகளில் பெரும்பாலும் 'சோதித்தறிந்து' என்ற இடத்திலேயே வசனம் நின்றுவிடுகிறது.

இந்த அதிகாரத்தை நம் திருச்சபை வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் வேதனைதான் மிஞ்சுகிறது. தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்து, ஒரு சாதியார் வாங்கிய பின்பே இன்னொரு சாதியார் நற்கருணை வாங்கிய காலம் இருந்தது. சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றுமடல் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதற்கு உடன்படாமல் சபையை விட்டே விலகியவர்கள் பலர். கொரிந்துவில் பவுல் கண்டித்தது துல்லியமாக இதைத்தான். ஆனால் அந்த வசனத்துக்குப் பயந்து, தங்களை அபாத்திரர் என்று எண்ணி எழுந்து போனவர்கள் அவர்களல்ல. என் தகப்பனாரைப் போன்றவர்களே.

'பாத்திரம் அறிந்து பிச்சை போடு' என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. உலக வழக்குக்கு அது பொருந்தலாம். கிருபை என்று நாம் சொல்வது அதற்கு நேர் எதிரானது. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5-ஆம் அதிகாரம் சொல்லும்போது, கொடுக்கிறவர் பாத்திரம் பார்க்கவில்லை என்பதையே சொல்கிறது. நம் கத்தோலிக்கச் சகோதரர்களின் மரியாளை வாழ்த்தும் பழைய மங்கள வார்த்தை ஜெபத்தில், இன்று 'அருள் நிறைந்த' என்று சொல்லும் இடத்தில் 'பிரியதத்தத்தினாலே பூரண' என்று இருந்தது. பிரியதத்தம் என்றால் பிரியத்தினால் கொடுக்கப்பட்டது. அந்தச் சொல் வழக்கொழிந்தது எனக்கு இழப்பாகவே படுகிறது.

முதல் இராப்போஜனத்தில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிப் பார்ப்போம். தம்மைக் காட்டிக்கொடுக்கிறவனுடைய கை தம்மோடுகூடப் பந்தியில் இருக்கிறது என்று ஆண்டவரே சொல்வதாக லூக்கா எழுதுகிறார். சேவல் கூவுவதற்கு முன் மூன்று தரம் மறுதலிக்கப்போகிற பேதுருவும் அதே பந்தியில்தான் இருந்தார். அவருடைய வீழ்ச்சியை முன்னறிந்த ஆண்டவர் அவரை எழுப்பி அனுப்பிவிடவில்லை. "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்கிறார். பேதுரு விழுவதற்கு முன்பே, அவர் மனங்கசந்து அழுவதற்கு வெகு முன்பே, அந்த வேண்டுதல் ஏறெடுக்கப்பட்டாயிற்று.

இப்படிப் போதித்தால் ஜனங்கள் துணிந்து பாவம் செய்யமாட்டார்களா என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், பவுலே ரோமர் 6-ஆம் அதிகாரத்தை அந்தக் கேள்வியோடுதான் தொடங்கி, 'கூடாதே' என்கிறார். என் மனதில் இதற்குப் பதிலாக நிற்பது யோவான் எழுதிய சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் பேதுரு மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் அருகே. உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்ததும் ஒரு கரிநெருப்பின் அருகே. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இந்த இரண்டு இடங்களில் மாத்திரமே வருகிறது. தான் விழுந்த இடத்தின் வெப்பமே மீண்டும் முகத்தில் படும்படி பேதுரு நிறுத்தப்படுகிறார். மூன்று தரம் மறுதலித்தவரிடம் "நீ என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்கப்படுகிறது. மூன்றாந்தரம் அவர் துக்கப்படுகிறார். பாவம் மூடி மறைக்கப்படவில்லை. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்ற அழைப்பு 12-ஆம் வசனத்தில் வருகிறது. அவர்கள் போஜனம்பண்ணின பின்புதான், 15-ஆம் வசனத்தில், கேள்வி வருகிறது. இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படாமல் பசித்து வந்தவருக்கு முதலில் மீனும் அப்பமும் கொடுத்து, அதற்குப் பிறகே அவருடைய புண்ணை ஆண்டவர் தொட்டார். வயிறு நிறைந்த பின்பு கேட்கப்பட்ட அந்தக் கேள்விதான் பேதுருவைத் திருத்தியது என்று நான் நம்புகிறேன்.

என் தகப்பனார் கடைசியாக நோயில் படுத்தபோது, அப்போது புதிதாக வந்திருந்த ஐயர், அதாவது சபைப் போதகர், நற்கருணைப் பாத்திரங்களோடு வீட்டுக்கு வந்தார். அப்பாவின் குடி அதுவரையும் முழுமையாக அவரை விட்டிருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. "நான் இன்னும் திருந்தலையே, ஐயரே" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஐயர் கட்டிலோரம் உட்கார்ந்து, "திருந்தினவங்களுக்காகப் பிட்கப்பட்டதுன்னு இதில எழுதலையே. 'உங்களுக்காக'ன்னுதானே எழுதியிருக்கு" என்றார். மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்னும் கேள்வி-பதில் போதனை நூலில், 'உங்களுக்காக' என்னும் வார்த்தையை விசுவாசிக்கிறவனே மெய்யாகப் பாத்திரவானும் நன்றாய் ஆயத்தப்பட்டவனும் என்று இருப்பதைப் பிற்காலத்தில் படித்தபோது, அந்த ஐயர் தம் சொந்த யோசனையைச் சொல்லவில்லை, திருச்சபையின் பழைய உபதேசத்தைத்தான் சொன்னார் என்று தெரிந்துகொண்டேன். அப்பா வெகுநேரம் அசையாமல் கிடந்தார். பிறகு திரும்பி இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவர் பிழைத்திருந்த ஐந்து மாதங்களில் குடிக்கவில்லை. அது நோயினாலா, அந்த அப்பத்தினாலா என்று நான் வாதிக்கப் போவதில்லை.

தங்கள் இதழைப் படிக்கிற ஐயர்மாரிடமும் உபதேசியார்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இராப்போஜன அறிவிப்பில் 28-ஆம் வசனத்தை அதன் கடைசிச் சொல் வரை வாசியுங்கள். காணிக்கைப் பாட்டின்போது யாராவது பின்வாசல் வழியாக எழுந்து போனால், சபை மூப்பர் ஒருவர் அவர் பின்னாலேயே போய், தோளில் கைவைத்து, அவரை உள்ளே கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
கிறிஸ்துவில் தங்கள்,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி மாவட்டம்