அடுப்பு பிரிந்தால் வருமானம் குறையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு நகரங்களின் மாற்றம் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். மக்கள்தொகை கூடியது, வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் கூடினார்கள், குடும்ப வருமானம் குறைந்தது என்று மூன்று எண்களை அடுத்தடுத்துப் போட்டிருந்தீர்கள். அப்படிப் போட்டாலே போதும், முதல் இரண்டால்தான் மூன்றாவது வந்தது என்று படிக்கிறவர் முடிவுகட்டிவிடுவார். என் வீட்டிலேயே அன்று காலை அந்தப் பேச்சுதான்.

நான் கணக்கு வாத்தியார். 2001-லும் 2011-லும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் படி ஏறி இறங்கியவன். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த இலக்கணம். ஒரு வீட்டில் ஏழு பேர், சம்பாதிப்பவர்கள் நான்கு பேர். எழுதி முடித்துக் கிளம்பும்போது மாடியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்து, "சார், நாங்க போன மாசமே தனியா சமைக்க ஆரம்பிச்சுட்டோம்" என்றார். கீழே நின்ற மாமியாரின் முகம் சுண்டிப்போனது. சரி என்று அடித்துவிட்டு இரண்டு குடும்பமாக எழுதினேன். அன்று யார் சம்பளமும் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் அந்த வீட்டின் மொத்தச் சம்பாத்தியத்தைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்திருந்தால் சரிபாதியாகியிருக்கும். (எங்கள் படிவத்தில் வருமானக் கேள்வியே கிடையாது, அது வேறு கதை.) குடும்பங்கள் சிறுத்துக்கொண்டே வரும் காலத்தில், ஒரு குடும்பத்தில் சராசரியாக எத்தனை பேர் என்பதைச் சொல்லாமல் குடும்ப வருமானத்தை மட்டும் சொல்வது பாதிச் செய்திதான்.

அப்புறம் அந்தச் 'சராசரி'. பத்துக் குடும்பங்களில் ஒன்பதுக்கு மாதம் 30 ஆயிரம், ஒன்றுக்கு 10 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1 லட்சத்து 27 ஆயிரம். அந்தத் தொகையை வாங்கும் குடும்பம் அந்தப் பத்தில் ஒன்றுகூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 30 ஆயிரம். இடைநிலை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லித்தருகிறோம், செய்தியில் மட்டும் காணோம். சிறிய ஊரில் ஒரு பணக்காரக் குடும்பம் குடிவந்தாலே சராசரி எகிறிவிடும்.

ஊரில் எத்தனை வகை மக்கள் இருக்கிறார்கள் என்பதைக் காட்ட இதுபோன்ற கட்டுரைகளில் வரும் பன்முகத்தன்மைக் குறியீடு இன்னும் வழுக்கலானது. கண்ணை மூடி இரண்டு பேரைத் தொட்டால் அவர்கள் வேறு வேறு பிரிவினராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதே அந்தக் கணக்கு. 1949-ல் புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் தந்த அளவீட்டின் வழியில் வந்தது. 90-க்கு 10 என்றிருக்கும் ஊரில் 18 விழுக்காடு, பாதிக்குப் பாதி என்றால் 50. அந்த இரு பாதிகளும் ஒரே தெருவில் கலந்து வாழ்கிறார்களா, ஆளுக்கொரு மூலையில் முகம் பார்க்காமல் இருக்கிறார்களா என்பது அதற்குத் தெரியாது.

படிவம் மாறினாலும் இந்த எண் ஆடும். அமெரிக்காவில் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவர் என்று பதிவானவர்கள் 2010-ல் 90 லட்சம், 2020-ல் 3 கோடியே 38 லட்சம். கேள்வியையும் பதில்களைத் தொகுக்கும் முறையையும் மாற்றியது இதற்கு ஒரு காரணம் என்று அந்நாட்டுக் கணக்கெடுப்பு அமைப்பே சொன்னது. அதே அமைப்பு, 20 ஆயிரத்துக்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களுக்கு வருமானத்தை ஓராண்டு மாதிரியை நம்பி வெளியிடுவதில்லை. ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துத்தான் தருகிறது. நாம் சின்ன ஊரின் ஒரு வருட ஏற்ற இறக்கத்தைத் தலைப்பாக்குகிறோம்.

அடுத்த முறை அந்த அட்டவணையின் அடியில் நான்கு விவரங்களுக்கு இடம் கொடுங்கள்: சராசரிக் குடும்ப அளவு, இடைநிலை வருமானம், எத்தனை வீடுகளில் கேட்டார்கள், இடையில் நகர எல்லை விரிந்ததா. எல்லை விரிந்திருந்தால், 'வந்தவர்கள்' என்று நீங்கள் எழுதியவர்களில் பலர் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்