கடையை மாடிக்கு மாற்றுகிறோம்

சென்னை,
ஞாயிறு இரவு

அன்புக் கண்ணா,

நீ அனுப்பிய எக்செல் கணக்கை நேற்று கடை சாத்திய பிறகு அப்பாவும் நானும் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தோம். நம் கடையில் புது வீடியோ கேம் டிஸ்க் விற்பனை ஆறு வருடத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சிவப்பில் காட்டியிருந்தாய். அதில் ஒரு எண்கூடத் தப்பில்லை. கடை வாடகை அக்ரிமென்ட் முடிந்ததும் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு கடையை மூடிவிடுங்கள், மாதாமாதம் நான் அனுப்புகிறேன் என்று நீ போனில் சொன்னபோது அப்பா பதில் பேசவில்லை. உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அக்கறை அவருக்குப் புரிந்திருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன் என்பதால் நான் எழுதுகிறேன்.

நீ சொன்ன முதல் விஷயம் சரி. டிஸ்க் விற்றுப் பிழைக்கும் காலம் முடிந்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த அன்று நம் கடை இருக்கும் ரிச்சி தெருவில் சிம் வாங்க நின்ற வரிசையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் நான். தெருவுக்குக் கூட்டம் வருகிறதே என்று. அதுவரை நம் கடையைக் காப்பாற்றியதே இன்டர்நெட்டின் விலைதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நாற்பது ஜிபி விளையாட்டை யார் இறக்குவார்கள், டிஸ்க்தான் வாங்குவார்கள் என்று அப்பா சொல்வாரே, அந்தப் பேச்சு இரண்டு வருடத்தில் பொய்யாகிவிட்டது. அப்புறம் போனிலேயே ஆடும் பப்ஜி வந்தது. டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் வாங்க வேண்டிய பையன்கள் எல்லாம் போனோடு நின்றுவிட்டார்கள். 2020இல் டிஸ்க் போடவே வழியில்லாத எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என்ற கன்சோல் வந்தது. சோனியின் பிஎஸ்5இலும் டிஸ்க் டிரைவ் இல்லாத ஒரு வகை வந்தது. 2024இல் வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்ட வேண்டும். வீட்டுக்குக் கதவு வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள் என்பது மாதிரி. முழு விளையாட்டுகளில் பத்துக்கு ஏழுக்கும் மேல் டிஸ்க் இல்லாமல் இன்டர்நெட்டில் இறக்கும் டிஜிட்டலாகத்தான் விற்கிறது என்று சோனியின் கணக்கே சொல்வதை நீதான் எனக்குக் காட்டினாய்.

ஆனால் நீ சொன்ன இரண்டாவது விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. "கேம்ஸ்டாப்பே கடைகளை மூடுகிறது, நம்மால் என்ன செய்ய முடியும்" என்றாய். வீடியோ கேம் விற்கும் அந்த அமெரிக்கக் கம்பெனியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உலகம் முழுக்க 7,000க்கும் மேல் கடை வைத்திருந்தவர்கள். அவர்களுடைய லாபத்தில் ஒரு பெரிய பங்கு பழைய டிஸ்க்கை வாங்கி விற்பதில் வந்தது. அதுதான் அவர்களுக்குத் தெரிந்த தொழில். டிஜிட்டல் வந்ததும் என்ன செய்தார்கள்? 2013இல் செல்போன் கடைகளை வாங்கினார்கள், சில வருடங்களில் விற்றுவிட்டார்கள். 2015இல் பொம்மையும் டி-ஷர்ட்டும் விற்கும் திங்க்கீக்கை 14 கோடி டாலருக்கு வாங்கினார்கள், 2019இல் அந்தத் தளத்தைத் தங்கள் தளத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2022இல் என்எஃப்டி என்ற டிஜிட்டல் உரிமைச் சீட்டுகளை வாங்கி விற்கும் சந்தை ஒன்று திறந்தார்கள், 2024 பிப்ரவரியில் மூடினார்கள். 2021 ஜனவரியில் அவர்கள் பங்கு விலை ஏறியதை உலகமே பேசியது. ஆனால் அதற்காக ஒரு பையனாவது கூடுதலாகக் கடைக்குள் வந்திருப்பானா? கடைக்குள் வருகிறவனுக்கு என்ன தேவை என்ற கேள்வி அவர்களுக்கு எப்போதோ மறந்துபோய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நமக்கு அது மறக்கவில்லை கண்ணா. என்னிடம் நோட்டு இருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கேசட் போடும் டிவி கேம் விற்ற நாளில் நீ ஸ்டூலில் ஏறி நின்று கான்ட்ரா விளையாட்டைப் போட்டுக் காட்டுவாய். பிறகு பிஎஸ்2 வந்தது. அப்போது நம் தெருவில் நகல் சிடிதான் ஓடியது, நாமும் விற்றோம். அது தப்பு என்று அப்போதே எனக்குத் தெரியும், மறைக்க மாட்டேன். பிஎஸ்3 வந்தபோது ப்ளூ-ரேயை அப்படி எளிதாக நகலெடுக்க முடியவில்லை. ஒரிஜினல் 2,499, 2,999 என்று விலை. எந்தப் பள்ளிக்கூடப் பையனால் வாங்க முடியும்? அப்போதுதான் அப்பா எக்ஸ்சேஞ்ச் நோட்டைப் போட்டார். ஒருவன் 2,999க்கு வாங்குவான், இருபது நாளில் ஆடி முடித்துக் கொண்டுவருவான். 1,800 கழித்து அடுத்ததைக் கொடுப்போம். அவன் கொண்டுவந்ததை இன்னொருவனுக்கு 2,200க்குக் கொடுப்போம். ஒரே டிஸ்க் ஐந்து வீடு போய் வந்திருக்கிறது. அண்ணன் ஆடியதைத் தம்பி, தம்பி ஆடியதைப் பக்கத்துத் தெருப் பையன். புது டிஸ்க்கில் எங்களுக்கு நின்றது நூறோ இருநூறோதான். இந்த வீட்டு வாடகையும் உன் காலேஜ் ஃபீஸும் அந்தச் சுற்றில் வந்தவை.

டிஜிட்டலில் அந்தச் சுற்று கிடையாது. 4,999 கொடுத்து வாங்கியதை ஆடி முடித்தபின் யாருக்கும் கொடுக்க முடியாது, விற்க முடியாது, அவன் அக்கவுண்டோடு கிடக்கும். அதுவும் நிரந்தரமா என்றால் அதுவும் இல்லை. 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360இன் ஆன்லைன் கடையை மூடினார்களே, அதற்கு அடுத்த மாதம் செங்கல்பட்டிலிருந்து ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தன் மகனுக்குத் தன் பழைய 360ஐக் கொடுத்திருக்கிறார், புதிதாக வாங்க இனி வழியில்லை, டிஸ்க் இருக்கிறதா என்று கேட்டார். மேல் அலமாரியில் தூசியோடு கிடந்த பெட்டியை இறக்கினேன். பதினொரு டிஸ்க் எடுத்துக்கொண்டு போனார். அதே வருடம் மார்ச்சில் தி க்ரூ என்ற கார் விளையாட்டின் சர்வரை நிறுத்தினார்கள். அது கம்பெனி சர்வரோடு இணைந்தே ஓடும் விளையாட்டு, அதனால் டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதை ஆட முடியவில்லை. ஆகவே டிஸ்க் இருந்தால் எல்லாம் பத்திரம் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். எதை ஆட முடியும், எதை முடியாது என்று வாங்குகிறவனுக்கு முன்கூட்டியே சொல்லும் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பழைய விளையாட்டுக்கு ஆள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1987க்குப் பிறகு முதல்முறையாக 2022இல் சிடியைவிட இசைத்தட்டு அதிக எண்ணிக்கையில் விற்றது என்று படித்தபோது எனக்கு இந்தச் செங்கல்பட்டுக்காரர் முகம்தான் வந்தது.

சரி, இப்போது எங்கள் திட்டத்தைச் சொல்கிறேன்.

தரைத்தளத்தை விடுகிறோம். உன் கணக்கில் சிவப்பாக இருந்த வரிகளில் பெரியது வாடகைதான். யோசித்துப் பார், தெருவைப் பார்த்த கடை எதற்கு வேண்டும்? கண்ணாடிக்குள் புது டிஸ்க் அடுக்கி, போகிறவனை நிறுத்துவதற்கு. இனி போகிறவன் நிற்கப்போவதில்லை. ஆனால் கன்சோலில் படம் வரவில்லை என்று வருகிறவன் மாடி ஏறுவான், மூன்றாவது மாடி என்றாலும் ஏறுவான். அதே கட்டடத்தில் முதல் மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. வாடகை பாதிக்கும் கீழே. ஓனரிடம் பேசியாகிவிட்டது.

அங்கே முதலிடம் அப்பாவின் ரிப்பேர் மேசைக்கு. டிவி வயர் மாட்டும் எச்டிஎம்ஐ போர்ட் உடைந்தது, கன்ட்ரோலரில் கை வைக்காமலேயே பொம்மை தானாக நகர்வது, ஃபேன் சத்தம், சூடேறி அணைந்துபோவது, இவை டிஜிட்டல் விளையாட்டு ஆடுகிறவனுக்கும் வரும். பிஎஸ்5இல் சிப்பின் சூட்டைக் கடத்த பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள், கை நடுங்கினால் போர்டே போய்விடும். அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது, கை இன்னும் நடுங்கவில்லை. கடைப் பையனும் சூடான காற்றால் சோல்டரை உருக்கும் ஹாட் ஏர் பிடிக்கக் கற்றுக்கொண்டான்.

அடுத்தது எஸ்எஸ்டி, விளையாட்டைச் சேமித்து வைக்கக் கன்சோலுக்குள் மாட்டும் டிரைவ். டிஜிட்டல் நம் தொழிலைக் கெடுத்தது என்று எல்லோரும் புலம்புகிறோம், ஆனால் அது கொண்டுவந்த புதுத் தேவை ஒன்று இருக்கிறது. முதலில் வந்த பிஎஸ்5இல் 825 ஜிபி என்று போட்டிருக்கும், உள்ளே நமக்குக் கிடைப்பது 667தான். நூறு, நூற்றைம்பது ஜிபி விளையாட்டு ஐந்தாறு போட்டால் நிரம்பிவிடும். எந்த எஸ்எஸ்டி பொருந்தும், அதன் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று தெரியாமல் ஆன்லைனில் வாங்கிவிட்டு மூடி மூடவில்லை என்று வருகிறார்கள். நாங்களே சரியானதை வாங்கி, மாட்டி, ஓட்டிக் காட்டிக் கொடுக்கிறோம். போன மாதம் மட்டும் இருபத்து மூன்று.

இன்னொன்று என் யோசனை. நல்ல ஃபைபர் லைன் போடுகிறோம். விழுப்புரம், ஆரணி, வந்தவாசி என்று தூரத்திலிருந்து சர்வீஸுக்கு வருகிறார்கள், அங்கே லைன் மெதுவாக இருக்கிறது. ஒரு விளையாட்டு இறங்க இரண்டு நாள் ஆகிறது என்கிறார்கள். சர்வீஸுக்கு விட்ட கன்சோலில் அவர்களே தங்கள் அக்கவுண்டைப் போட்டுக் கொடுத்தால், வேலை முடிவதற்குள் அவர்கள் வாங்கிய விளையாட்டையும் அப்டேட்டையும் இறக்கி வைத்துவிடலாம். ஒரு காலத்தில் செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்களே, அது போலத்தான். இது அவர்கள் காசு கொடுத்து வாங்கியது, நேர்மையான வேலை.

அக்கவுண்ட் வாடகை மட்டும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஒரே டிஜிட்டல் அக்கவுண்டை நாலைந்து பேருக்குப் பிரித்து விற்கிறார்கள். நல்ல காசுதான், எனக்கும் ஆசை வந்தது. ஆனால் கம்பெனி விதிக்கு விரோதம், ஒருநாள் பாஸ்வேர்ட் மாறிவிட்டால் ஆயிரம் ரூபாய் கொடுத்த பையன் யாரிடம் போய் நிற்பான்? அப்படி ஏமாந்து, அழாத குறையாக நம் கடைக்கு வந்த இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன்.

அக்கவுண்டில் பணம் ஏற்றும் வாலட் கோடு தொடர்ந்து விற்போம். லாபம் சொற்பம். ஆனால் பேங்க் கார்டு நம்பரைக் கன்சோலில் போடப் பயப்படுகிற அம்மாக்கள் அதற்காகத்தான் என்னிடம் வருகிறார்கள். "அக்கா, இவன் என்ன வாங்குகிறான் என்றே தெரியவில்லை" என்பார்கள். நான் உட்கார்ந்து பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் போட்டு, மாதச் செலவுக்கு ஒரு வரம்பு, ஆடும் நேரத்துக்கு ஒரு வரம்பு வைத்துக் கொடுக்கிறேன். எட்டு வயதுப் பையனுக்குச் சுட்டுத்தள்ளும் விளையாட்டு வேண்டாம், இதை வாங்கிக் கொடுங்கள் என்று சொல்கிறேன். பெட்டியின் பின்னால் வயது போட்டிருப்பதை டிஸ்க் காலத்தில் நானே எடுத்துக் காட்டுவேன். இப்போது பெட்டியும் இல்லை, காட்ட ஆளும் இல்லை. இதற்குக் கட்டணம் வாங்கலாமா என்று இன்னும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அப்பா வாங்கச் சொல்கிறார்.

மூலையில் ஒரு டிவி, இரண்டு நாற்காலி. வாங்கும் முன் ஆடிப் பார்க்க. மணிக்கணக்கில் ஆடவிடும் கடையாக்க எனக்கு இஷ்டமில்லை, கரண்ட் பில்லும் கட்டாது.

எக்ஸ்சேஞ்ச் நோட்டும் மாடிக்கு வருகிறது. 2025இல் நின்டென்டோ ஸ்விட்ச் 2 வந்ததே, அதில் சில கார்டுகளில் விளையாட்டே இல்லை, சாவி மட்டும்தான், விளையாட்டை இறக்கிக்கொள்ள வேண்டும். அதைப் பலர் திட்டுகிறார்கள், எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கார்டைக் கை மாற்றிக் கொடுக்கலாம், வாங்கியவன் ஆடலாம். நின்டென்டோ இங்கே நேரடியாக விற்காவிட்டாலும் நம் தெருவுக்கு வந்துவிட்டது. கை மாறுகிற பொருள் ஏதாவது இருக்கும்வரை நோட்டில் எழுத வேலை இருக்கிறது.

உன்னிடம் பணம் வேண்டாம் கண்ணா, நிஜமாகத்தான் சொல்கிறேன். வேறு ஓர் உதவி வேண்டும். என் நோட்டில் இருக்கும் பழைய டிஸ்க் பட்டியல் மொத்தம் 1,140. எது இன்டர்நெட் இல்லாமல் ஆடும், எதன் சர்வர் நின்றுவிட்டது, எது ஆன்லைனில் இனி கிடைக்காது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதி, வாட்ஸ்அப்பில் யார் கேட்டாலும் உடனே அனுப்புகிற மாதிரி செய்து கொடு. தினம் இரவு பத்துப் பக்கம் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்கு மட்டும்தான் புரியும்.

ஆறு மாதம் பார்க்கிறோம். மாடியிலும் வாடகைக்கு மேல் நிற்கவில்லை என்றால் நீ சொன்னபடியே செய்கிறேன், இதை அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

சாமான்களை ஒதுக்கும்போது உன் பிஎஸ்2 மெமரி கார்டு கிடைத்தது, ஸ்கெட்ச் பேனாவில் உன் பெயர் எழுதிய அந்தக் கறுப்பு 8 எம்பி கார்டு. அப்பா மேசையில் போட்டுப் பார்த்தார். நீ ஏழாவது படிக்கும்போது சேமித்து வைத்தது அப்படியே திறந்தது. துடைத்துத் தனி டப்பாவில் வைத்திருக்கிறார். பொங்கலுக்கு வரும்போது மாடிக் கடையில் வந்து ஆடு, அதுவரை விற்க மாட்டோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா