ஊர்ப் பெயரோடு ஆடட்டும்: பிரான்சிஸ்கா ரெயஸ் அக்கினோவுக்கு ஒரு கடிதம்

மதிப்புக்குரிய பிரான்சிஸ்கா அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் 1983-லேயே காலமாகிவிட்டீர்கள். இருந்தும் உங்களுக்குத்தான் எழுதத் தோன்றுகிறது. இந்த விஷயத்தில் எனக்காக வாதாட, பிலிப்பைன்ஸ் நாட்டுப்புற நடனங்களை நீங்கள் எழுதி வைத்த புத்தகங்களை விட்டால் வேறு துணை இல்லை.

சிங்கப்பூரில் என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ நண்பர்களிடம் அவர்கள் நாட்டு நடனங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "அதெல்லாம் ஸ்பெயின்காரன் நடனம், எங்களுடையது இல்லை" என்பார்கள். இல்லாவிட்டால், "ஸ்பெயின்காரன் வந்ததால்தான் இவ்வளவு அழகான நடனங்கள் கிடைத்தன" என்பார்கள். முதல் பதிலில் கூச்சம், இரண்டாவதில் நன்றிக்கடன். 1565 முதல் 1898 வரை 333 வருஷம் ஒருவன் ஆண்ட நாட்டில் இந்த இரண்டும் மிஞ்சியிருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதி வைத்ததைப் படித்தால் இரண்டுமே நிற்காது.

நீங்கள் பிறந்தது 1899 மார்ச்சில், புலகான் மாகாணத்து போகாவேயில். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஸ்பெயின் உங்கள் நாட்டை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவுக்குக் கைமாற்றியிருந்தது. நீங்கள் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் அமெரிக்கர்களோடு போரும் தொடங்கிவிட்டது. ஆக, ஸ்பெயின்காரன் விட்டுப்போனதை அமெரிக்கன் ஆண்ட காலத்தில் உட்கார்ந்து எழுதியவர் நீங்கள். 1926-இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புற நடனங்களையும் விளையாட்டுகளையும் பற்றி ஆய்வேடு கொடுத்தீர்கள். 1930-களில் பல்கலைக்கழகத் தலைவர் ஹோர்ஹே போகோபோ உங்களையும் இசைக்கு அந்தோனினோ புவெனவெந்தூராவையும் ஊர் ஊராக அனுப்பினார். படகிலும் மாட்டுவண்டியிலும் போய்ச் சேர வேண்டிய ஊர்கள். அங்கே வயதானவர்களை ஆடிக் காட்டச் சொல்லி, ஒவ்வோர் அடியையும் எண்ணி எழுதினீர்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். வர்ணனை கிடையாது. நடனத்தின் பெயர், அது எந்த ஊரில் கிடைத்தது, என்ன உடை, இசை எத்தனை பகுதி, ஒரு தாள அளவுக்கு எத்தனை எண்ணிக்கை, ஜோடிகள் எப்படி நிற்க வேண்டும். அப்புறம்தான் ஆட்டம், பகுதி பகுதியாக. வலது கால் முன்னே, எண்ணிக்கை 1. இடது கால் அதன் பக்கத்தில், எண்ணிக்கை 2. ஆட்டமே தெரியாத ஒரு பள்ளிக்கூட வாத்தியார்கூட இதை வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஆட வைத்துவிடலாம். பிலிப்பைன்ஸ் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் அப்படித்தான் நடந்தது.

அந்தக் குறிப்புகளை வைத்து ஹோத்தா என்ற ஜோடி நடனம் ஒன்றைக் கவனித்துப் பார்த்தேன். கால் ஸ்பெயினிலிருந்து வந்தது, சந்தேகமில்லை. ஆனால் கை? நீங்கள் கூமிந்தாங் என்று குறித்திருக்கும் இடத்தில் மணிக்கட்டு மட்டும் மெல்லச் சுழல்கிறது, விரல்கள் அதன் பின்னாலேயே போகின்றன. ஹயோன்-ஹயோன் என்ற இடத்தில் ஒரு முன்கை இடுப்புக்கு முன்னாலும் இன்னொன்று இடுப்புக்குப் பின்னாலும் மாறி மாறி வந்து படிகிறது. இது நாட்டின் நடுவிலுள்ள பிஸாயா தீவுகள் பக்கத்துப் பழக்கம். சாரோக் என்றால் ஒரு காலை மற்றொன்றுக்கு முன்னே குறுக்காக வைத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னே வளைத்து, இரண்டு கைகளையும் கீழே குறுக்காகக் கொண்டுவருவது. ஸ்பெயினின் அரகோன் பகுதியில் ஹோத்தா ஆடுபவர்கள் கையை மேலே தூக்கித் துள்ளுவார்கள். இங்கே உடம்பு தரையை நோக்கி இறங்குகிறது. என் கண்ணுக்கு இது வேறு நடனம்.

தார்லாக் மாகாணத்து மொன்காடாவில் கிடைத்த ஹோத்தாவில் இலோகானோ மக்களின் அடிகளும் ஸ்பானிய அடிகளும் கலந்திருக்கின்றன. கையில் காஸ்தனெத் என்ற தாளக் கட்டை, ஆனால் மூங்கிலில் செய்தது. ஸ்பெயினில் அதை விரலில் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். இங்கே கட்டாமல் உள்ளங்கையில் தளர்வாகப் பிடிக்கிறார்கள். அதனால் சத்தம் வேறு மாதிரி வருகிறது, கொஞ்சம் ஈரமான, பொத்தென்ற சத்தம். இதே ஹோத்தாவின் நிதானமான வடிவம் ஒன்று சவ ஊர்வலத்தோடும் போனதுண்டு. கல்யாணக் களிப்புக்கு என்று வந்த ஓர் ஆட்டத்தைத் தங்கள் சாவுக்கும் எடுத்துக்கொண்ட மக்களிடம், அது உங்களுடையது இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? பின்னணியில் வாசிக்கும் ரொண்டாயா என்ற தந்தி வாத்தியக் குழுவும் அப்படித்தான். அதில் இருக்கும் பந்துர்ரியா என்ற வாத்தியத்துக்கு ஸ்பெயினில் 12 தந்தி. பிலிப்பைன்ஸில் அதற்கு 14.

மிந்தோரோ பக்கத்து லுபாங் தீவின் பண்டாங்கோவையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்பெயினில் பண்டாங்கோ என்றால் வேகம், குதிகால் தட்டு. லுபாங்கில் ஆடுபவரின் தலையில் ஓர் எண்ணெய் விளக்கு, இரண்டு புறங்கைகளிலும் ஒவ்வொரு விளக்கு. கண்ணாடிக் கிளாஸில் எண்ணெயும் திரியும். எண்ணெய் தளும்பக் கூடாது என்பதாலேயே கழுத்து நிமிர்ந்துவிடுகிறது, முட்டி வளைந்துவிடுகிறது, கை நீர்மட்டம் மாதிரி நகர்கிறது. கிட்ட நின்று பார்த்தால் ஆடுகிற பெண் மூச்சு விடுவதுகூட அளவாக இருக்கும். ஒரு விளக்கை ஏற்றியே அந்த ஆட்டத்தின் சுபாவத்தை மாற்றிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "ஸ்பானிஷ் நடனங்கள்" என்று ஒரே பெட்டியில் போடுகிறார்களே, அதில் எத்தனை ஸ்பெயினுடையவை? போஹோலில் ஆடும் மஸுர்கா முதலில் போலந்துக்காரர்களுடையது. அதிமோனானில் நீங்கள் குறித்த போல்காபாலில் இருக்கும் போல்கா பொஹீமியாவுடையது. ரிகோடோன் பிரான்ஸ். ஹபனேரா கியூபா. மணிலாவுக்கும் மெக்ஸிகோவின் அகாபுல்கோவுக்கும் 1815 வரை கப்பல் போய்வந்தது. 1821 வரை பிலிப்பைன்ஸை ஸ்பெயின் ஆண்டதே மெக்ஸிகோ வழியாகத்தான். அப்புறம் 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பா கிட்டே வந்துவிட்டது. அங்கே பால்ரூமில் ஆடுவதை மணிலாவின் பணக்கார வீட்டுக் கூடங்களில் சீக்கிரமே ஆடிப் பார்த்தார்கள். அந்தக் கூடங்களிலிருந்து வேலைக்காரர்கள் வழியாக, கிராமத் திருவிழா வழியாக அது வெளியே வந்தது. ஸமாரிலும் லெய்த்தேயிலும் கல்யாணத்தில் குராச்சா ஆடும்போது சுற்றியிருப்பவர்கள் காசும் நோட்டும் வீசுகிறார்கள், புது ஜோடிக்கு. அங்கே யாரும் ஸ்பெயினை நினைப்பதில்லை.

(உங்கள் தீவுகள் வந்தவர்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்வது எங்கள் தமிழ்நாட்டு ஆட்களுக்கும் தெரியும். 1762-இல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலேயப் படை கிளம்பியது மெட்ராஸிலிருந்து. அதில் போன சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குப் பக்கத்து காயின்தாவில் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார்கள்.)

கோயில் விஷயத்தில் எனக்கு இவ்வளவு உற்சாகம் வருவதில்லை. ஸ்பெயின் வருவதற்கு முன் அங்கே நடனம் தெய்வத்துக்கும் மனிதருக்கும் நடுவே இருந்தது. மகெல்லனோடு 1521-இல் செபு போன பிகாபெத்தா, இரண்டு கிழவிகள் நாணல் ஊதுகுழலோடு ஆடிப் பன்றியைப் பலியிட்டதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட பூசாரிப் பெண்களைப் பின்னால் வந்த பாதிரியார்கள் சூனியக்காரிகள் என்று சொல்லி ஒடுக்கினார்கள். ஆட்டத்தை முழுக்க நிறுத்த முடியவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓபாண்டோவில், மே 17 முதல் 19 வரை, பிள்ளை வரம் கேட்டு வருபவர்கள் புனிதர்களின் சிலைகளோடு தெருவில் ஆடிக்கொண்டே போகிறார்கள். பதாங்காஸ் மாகாணத்தில் சுப்லி என்ற நடனத்தைச் சிலுவைக்கு முன்னால் ஆடுகிறார்கள். சாமி மாறிவிட்டது, கேட்கிற வரம் மாறவில்லை. ஆனால் அந்தக் கிழவிகள் போனது போனதுதான். இதை நஷ்டக் கணக்கில் எழுதாமல் "கலாச்சாரச் சங்கமம்" என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இப்போது மேடைக்கு வருகிறேன். நீங்கள் சேர்த்ததை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்கள் பயனிஹான் நடனக் குழுவினர். 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் அவர்கள் ஆடியதற்கு அப்புறம்தான் பிலிப்பைன்ஸ் நடனம் என்றால் என்ன என்று வெளியே தெரிந்தது. அவர்களுக்கு நடனம் அமைத்த லுக்ரேசியா ரெயஸ்-உர்துலா பெரிய கலைஞர், மறுப்பதற்கில்லை. ஆனால் மேடைக்காகப் பிரித்த பிரிவுகளில் ஒன்றுக்கு "மரியா கிளாரா" என்று பெயர் நிலைத்துவிட்டது. ஹோத்தாவும் ஹபனேராவும் அதற்குள் போய்விட்டன. அன்னாசி நாரில் நெய்த மெல்லிய மேலாடை, விசிறி, நாணம். மரியா கிளாரா யார்? ஹோசே ரிசால் 1887-இல் எழுதிய நாவலின் நாயகி. ஊரார் கண்ணுக்குப் பெரிய மனிதரின் மகள், உண்மையில் ஒரு ஸ்பானியப் பாதிரியாருக்குப் பிறந்தவள். காதலனை இழந்து, கடைசியில் மடத்துக்குள் அடைபட்டவள். காலனி ஆட்சி ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்று காட்டத்தான் ரிசால் அவளைப் படைத்தார். அவள் பெயரில் விசிறி மட்டும் மிஞ்சுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. கூடவே மொன்காடா, அதிமோனான் எல்லாம் காணாமல் போய்விட்டன. நீங்கள் முதல் வரியில் எழுதிய ஊர்ப் பெயர் நிகழ்ச்சிச் சுவரொட்டியில் இல்லை.

ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் கதை வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூங்கில்களுக்கு நடுவே ஆடும் தினிக்லிங் நடனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியர்கள் பண்ணையாட்களைத் தண்டிக்க இரண்டு மூங்கில்களுக்கு நடுவே நிறுத்திக் காலில் அடித்தார்கள், அதிலிருந்து வந்த நடனம் இது என்று சொல்லிச் சொல்லி அதுவே வரலாறாகிவிட்டது. நீங்கள் எழுதியது லெய்த்தேயின் திக்லிங் பறவையைப் பற்றி. புல் தண்டுகளுக்கு நடுவே நடந்து, வயல்காரர் வைத்த மூங்கில் பொறியிலிருந்து தப்பும் பறவை. மூங்கில்கள் ஒன்றோடொன்று ஒரு முறை, தரைக்கட்டையில் இரு முறை என்று விழும்போது ஆடுபவர் காலை எடுப்பது அந்தப் பறவை போலத்தான். ஸ்பெயின் செய்த கொடுமைக்கு ஆதாரமற்ற கதை தேவையே இல்லை. 16 முதல் 60 வயது வரையிலான ஆண்களை வருஷத்துக்கு 40 நாள் கட்டாய வேலைக்கு இழுத்துப் போனார்கள். கப்பல் கட்ட மரம் வெட்டப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. 1884-இல்தான் 40 நாள் 15 நாளானது. இது சட்டத்திலேயே இருக்கிறது.

காலனியின் பாரம் உண்மையிலேயே அடவில் இருக்கிறது என்றால், பின்யான் ஊரின் மக்லலாதிக் நடனத்தில் இருக்கிறது என்பேன். ஆண்கள் மட்டும் ஆடுவது. மார்பு, முதுகு, இடுப்பு, தொடை எங்கும் தேங்காய்ச் சிரட்டை கட்டி, கையிலிருக்கும் சிரட்டையால் அடித்துத் தாளம் போடுவார்கள். கேட்க அபாரமாக இருக்கும். ஆனால் சிவப்புக் கால்சட்டை போட்டவர்கள் மோரோக்கள், அதாவது முஸ்லிம்கள்; நீலம் போட்டவர்கள் கிறிஸ்தவர்கள். தேங்காய்ப்பால் காய்ச்சிய கசடுக்காகச் சண்டை. ஸ்பெயின் தன் நாட்டில் முஸ்லிம்களோடு போட்ட பழைய சண்டையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, மிந்தனாவோ முஸ்லிம்களுக்கு அதே பெயரை வைத்தது. அந்தப் பகையை ஒரே நாட்டு மக்கள் இன்னும் தெருவிலும் மேடையிலும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் எங்கள் நடனக் குழுவில், மிந்தனாவோவில் முஸ்லிம்கள் அதிகமாக வாழும் மராவி ஊர்க்காரர் ஒருவர் உண்டு. மக்லலாதிக் ஒத்திகை நடக்கும்போது அவர் கைதட்டுவார், சேர்ந்து ஆட மாட்டார். அவரிடம் காரணம் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஜூன் 12 பிலிப்பைன்ஸ் சுதந்திர நாள் நிகழ்ச்சிக்கு இந்த முறை நிரல் தயாரிப்பது என் பொறுப்பு. "ஸ்பானிஷ் நடனங்கள்" என்ற தலைப்பை எடுத்துவிட்டு, நீங்கள் செய்த மாதிரியே ஒவ்வொரு நடனத்துக்கும் பக்கத்தில் ஊரைப் போட்டிருக்கிறேன்: மொன்காடா, தார்லாக். லுபாங், மிந்தோரோ. அதிமோனான், கேசோன். பின்யான், லகுனா. கடைசி நடனத்துக்கு மட்டும் நாலு வரி விளக்கம் எழுதி மராவி நண்பரிடம் காட்டினேன். அவர் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தார். அது அப்படியே அச்சுக்குப் போகிறது.

என்றும் மரியாதையுடன்,
சிங்கப்பூரிலிருந்து உங்கள் வாசகி