என் படுக்கையைச் சுமந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு,

ஸ்தோத்திரம். ஆராதனையில் சாட்சி சொல்ல ஐந்து நிமிடம் தருகிறேன் என்று போதகர் ஐயா சொன்னார். எனக்கு என்னைத் தெரியும். மைக் முன்னால் நின்றால் முதல் வரியிலேயே அழுதுவிடுவேன், அப்புறம் எல்லோரும் என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவீர்கள், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால் எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெயர் சொல்லி நன்றி சொல்லத்தான் ஆசை. ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வாழ்த்துகிறார். பெபேயாளைப் பற்றி, 'அநேகருக்கும் எனக்குங்கூட ஆதரவாயிருந்தவள்' என்கிறார். ரூப் என்பவனைச் சொன்ன கையோடு அவனுடைய அம்மாவை எனக்கும் தாய் என்கிறார். கடிதத்தைக் கைவலிக்க எழுதிக்கொடுத்த தெர்தியுகூட நடுவில் புகுந்து ஒரு வாழ்த்துச் சொல்லிவிடுகிறார். முன்பெல்லாம் அந்த அதிகாரத்தை நான் வாசிக்காமல் தாண்டிப் போய்விடுவேன், வெறும் பெயர்ப்பட்டியல்தானே என்று. இப்போது அதுதான் எனக்குப் பிடித்த அதிகாரம். ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்களில் மூன்று பேர், 'பெயர் கியர் போட்டுவிடாதே' என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்கள். ஆகவே இதில் பெயர் ஒன்றும் வராது. யார் யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஐந்து மாதம் படுக்கையில் இருந்தான். சபை முழுவதும் ஜெபித்தது. உபவாசம் இருந்தீர்கள், இரத்தம் கொடுத்தீர்கள், இரவில் மருத்துவமனையில் முறைவைத்துத் துணை இருந்தீர்கள், எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வந்தீர்கள். தம்பி போய்விட்டான். வயது முப்பத்து நான்கு. அடக்கம் முடிந்து இரண்டு ஞாயிறு வந்தேன். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. அப்புறம் பதினான்கு மாதம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கோபம் ஒரு காரணம். ஆண்டவர்மேல்தான். அதைவிடப் பெரிய காரணம், 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற பயம். ஓய்வுநாள் பள்ளியில் பதினோரு வருஷம் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள் நான். கேளுங்கள் கொடுக்கப்படும் என்று மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தவள். அந்தப் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பது? துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், ஜெபத்தில் எங்கோ விசுவாசக் குறைவு இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் யாரென்று இங்கே சொல்லப்போவதில்லை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு அந்த வார்த்தை முள்ளாக உள்ளே இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில் நம் சபைப் பாட்டிக்கு. பாட்டி வாரம் ஒரு முறை வருவார்கள். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மூட்டைத் தேய்த்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி இருப்பார்கள். முதல் நாள் அரைமணி நேரம் கழித்து, 'ஜெபம் பண்ணட்டுமாம்மா?' என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அப்படி ஒரு பதிலை அந்த வயதுக்காரர்களிடம் நான் சொன்னதே இல்லை. பாட்டி 'சரிம்மா' என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இனி வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அதே நேரம், அதே நாற்காலி, அதே கேள்வி. வேண்டாம். சரிம்மா. இப்படியே எத்தனை வாரம் என்று நான் எண்ணவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று வேதம் சொல்கிறது. அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அந்த ஏழு நாள்தான் என்பது என் எண்ணம். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. பாட்டி திறக்கவே இல்லை. ஒரு நாள் நானே, 'பாட்டி, இன்றைக்குக் கேட்கவில்லையே?' என்றேன். 'கேட்டால் வேண்டாம் என்பாய், கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்பாய்' என்று சிரித்தார்கள். அன்றைக்கு ஜெபித்தார்கள். நாலே வரி. தம்பியின் பெயரைச் சொன்னார்கள். அவன் பெயரைச் சொல்லாமல் எல்லோரும் சுற்றிவளைத்துப் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அடுத்தது பாடகர் குழுவில் பாடும் அக்காவுக்கு. அவர் செய்ததைக் கேட்டால் இதற்கெல்லாமா நன்றி என்று தோன்றும். ஒவ்வொரு ஞாயிறும் காலையில், ஆலயத்தில் பீடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற பாட்டு எண் பலகையைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். வசனம் கிடையாது, ஆறுதல் வாசகம் கிடையாது, 'எப்போது வருவாய்' கிடையாது. பலகை மட்டும். நாலு பாட்டு, நாலு எண். பல வாரம் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிறு சும்மா பார்த்தேன். மூன்றாவது எண் என்ன பாட்டாக இருக்கும் என்று ஒரு குறுகுறுப்பு. அலமாரியிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. மாதமோ ஜூன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், 6-ஐ யாரோ தலைகீழாக மாட்டி 9 ஆக்கியிருக்கிறார்கள்! அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக அவருக்குப் பதில் போட்டேன்: 'அக்கா, 6 தலைகீழாகத் தொங்குகிறது.' உடனே பதில் வந்தது: 'நீ சொல்லி என்ன, ஆராதனை முடிந்துவிட்டது. பாதிப் பேர் ஒரு பாட்டு, பாதிப் பேர் இன்னொரு பாட்டு. முதல் சரணம் முடியும் வரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.' நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். சிரித்து முடித்த கையோடு அழுகையும் வந்தது. அதற்கப்புறம் ஞாயிறு காலையில் அந்தப் படத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன் என்பதை அக்காவுக்கு இன்றுதான் சொல்கிறேன்.

வேதபாடம் வாசிக்கிறவர்களின் பட்டியலைத் தயாரிக்கும் தம்பிக்கு ஒரு நன்றியும் ஒரு மன்னிப்பும். காலாண்டுக்கு ஒரு முறை பட்டியல் வெளிவரும்போது என் பெயரும் அதில் இருந்துகொண்டே இருந்தது. வராதவளின் பெயரை ஏன் போடுகிறார்கள், குத்திக்காட்டவா என்று எனக்கு ஆத்திரம். போன் செய்து, 'என் பெயரை எடுத்துவிடு' என்று கத்தினேன். அவன், 'எடுக்க மனசு வரலைங்க அக்கா. உங்க முறை வரும்போது நான் வாசிச்சுடறேன். பேரு மட்டும் இருந்துட்டுப் போகட்டும்' என்றான். அவன் வாசிப்பான் என்றால் நம்புங்கள், மேடை ஏறினாலே கைகால் உதறும் பிள்ளை அவன். எனக்காக ஐந்து முறை ஏறி வாசித்திருக்கிறான்.

போதகர் ஐயாவுக்கு எழுதுவது கொஞ்சம் கடினம். அடக்க ஆராதனையில் அவர் 'தேவசித்தம்' என்று சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. சில மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம், உட்காரவும் வேண்டாம் என்று நின்றபடியே, 'அன்றைக்கு அவசரப்பட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். எனக்கே பதில் தெரியாத இடத்தில் பதில் சொன்னேன். மன்னித்துவிடுங்கள்' என்றார். ஒரு போதகர் தான் பிரசங்கத்தில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. அப்புறம்தான் உட்கார்ந்தார். வேதத்தைத் திறந்தார். 23-ஆம் சங்கீதம்தான் வரும் என்று நினைத்தேன். அவர் 88-ஐ எடுத்தார். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது துதிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பிவிடும். இது திரும்பாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடியும். கடைசி வசனத்தில்கூட, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற முறையீடுதான். வாசித்துவிட்டு வியாக்கியானம் ஏதும் சொல்லாமல் மூடிவிட்டார். எனக்குள் இருந்ததை அப்படியே வேதத்துக்குள்ளேயே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், அதையும் ஜெபம் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஆண்டவரிடம் சண்டை போடுகிறவளும் ஆண்டவரிடம்தானே பேசிக்கொண்டிருக்கிறாள்.

அந்த நாட்களில் வீட்டில் தனியாக ஜெபிக்க முயன்று பார்த்தேன். சொந்த வார்த்தை வராததால், பரமண்டல ஜெபத்தையாவது சொல்லலாம் என்று தொடங்குவேன். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே.' 'எங்கள்' என்ற இடத்தில் நாக்கு நின்றுவிடும். எங்கள் என்றால் யார்? அறையில் நான் ஒருத்திதானே. சின்ன வயதிலிருந்து சொன்ன ஜெபத்தில் அப்படி ஒரு சொல் இருப்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. 'என் பிதாவே' என்று இயேசு சொல்லிக்கொடுத்திருந்தால் நான் தனியாகவே சமாளித்திருப்பேனோ என்னவோ.

ரோமர் எட்டாம் அதிகாரமும் அப்படித்தான். மரணமானாலும் ஜீவனானாலும் என்று தொடங்கிப் போகிற அந்த வசனம் கிறிஸ்து இயேசுவிலுள்ள தேவனுடைய அன்பைவிட்டு 'நம்மை'ப் பிரிக்கமாட்டாது என்றுதான் முடிகிறது. 'என்னை' என்று அங்கே இல்லை. 'எங்களை' என்றுகூட இல்லை. தமிழில் 'நம்மை' என்று சொன்னால் கேட்கிறவரையும் உள்ளே இழுத்துப்போட்டுக் கொள்கிறோம். அந்த வசனத்தை நான் என் சொந்தப் பிடிமானத்தைப் பற்றியதாக நினைத்து, என் கை நழுவியதும் எல்லாம் போச்சு என்று முடிவுகட்டியிருந்தேன்.

திரும்பி வந்த ஞாயிறைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். வேண்டுமென்றே தாமதமாக, இரண்டாவது பாட்டு நடக்கும்போது வந்தேன். கதவுக்குப் பக்கத்துக் கடைசி பெஞ்சு. ஓட வசதியாக. அன்று 'அடடா, இவ்வளவு நாளாகக் காணோமே' என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்கு உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி. அது எதேச்சையாக நடந்ததாக நான் நம்பவில்லை, யாரோ எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். முன் பெஞ்சிலிருந்த ஒரு சின்னப் பெண், என் பழைய வகுப்புப் பிள்ளை, திரும்பிப் பார்த்தாள். தன் பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் விரித்து, விரலை அந்தச் சரணத்தில் வைத்தபடியே என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் விழிக்கத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

பரமண்டல ஜெபம் வந்தது. எனக்கு அன்றும் வாய் திறக்கவில்லை. ஆனால் சுற்றிலும் அத்தனை குரல்கள் 'எங்கள் பிதாவே' என்றன. பாட்டியின் நடுங்குகிற குரல், அக்காவின் கணீர்க் குரல், அந்தப் பட்டியல் தம்பியின் அவசரக் குரல். அந்த 'எங்கள்' என்னையும் சேர்த்துக்கொண்டுதான் போனது. நான் சும்மா நின்றேன். திருவிருந்துக்கு அன்றைக்குப் போகவில்லை. அடுத்த மாதம் போனேன்.

கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தில் வழியில்லாமல் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். மாற்கு எழுதுகிறார்: இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' அவனோடு பேசினார். பிள்ளைகளுக்கு இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் கூரையைப் பற்றித்தான் கேட்பார்கள், வீட்டுக்காரர் திட்டவில்லையா டீச்சர் என்று. படுக்கையில் கிடந்தவனுக்கு அன்று விசுவாசம் இருந்ததா இல்லையா என்று நானும் சொன்னதில்லை, மாற்குவும் சொல்லவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து வீட்டுக்குள் கிடந்த எனக்கு, அந்த நாலு பேர்தான் படுக்கையின் முனைகளைப் பிடித்திருந்தார்கள்.

தம்பி இல்லாதது இன்னும் வலிக்கிறது. கேள்விகளுக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று யாரும் சாட்சியாகச் சொல்லிவிட வேண்டாம், கிடைக்கவில்லை. உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களுக்குக் காட்சியளித்த அந்த முதல் ஞாயிறு தோமா அவர்களோடு இல்லை. 'நான் நம்பமாட்டேன்' என்றே சொன்னவன். ஆனாலும் எட்டு நாளைக்குப் பின்பு பார்த்தால், 'தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்' என்று யோவான் எழுதுகிறார். நடுவில் அந்த எட்டு நாளும் அவனை அவர்கள் எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று எழுதவில்லை. எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஒரு தகவல். பாட்டு எண் பலகை இப்போது என் பொறுப்பு. 6-ஐயும் 9-ஐயும் அடியில் ஒரு கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறேன், இனி ஜூன் மாதத்தில் கிறிஸ்துமஸ் வராது. மாட்டி முடித்ததும் ஒரு படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்புகிறேன். யாருக்கு என்று கேட்காதீர்கள். இன்னும் பதில் ஒன்றும் வரவில்லை. அவசரமில்லை.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரி